ராஜபாளையத்து மழைக்கும் மன்னார் வளைகுடா பவளத்துக்கும் என்ன சம்பந்தம்?

ஐப்பசி, கார்த்திகையில் மலையில் நல்ல மழை பெய்துவிட்டால் ராஜபாளையத்துக்காரர்கள் அய்யனார் கோயில் அருவிக்குக் கிளம்பிவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் செண்பகத்தோப்பு. துண்டு, சோப்பு, புளியோதரைப் பொட்டலம், குழந்தைகள் சகிதம் குளித்து முடித்து வீடு திரும்புகிறவர்களிடம், ‘இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?’ என்று கேட்டால், ‘கண்மாய்க்கு’ என்பார்கள். சரியான பதில்தான். அந்தக் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய். அதற்கும் அப்புறம்?

வைப்பாறு. ராஜபாளையம் பக்கத்து ஓடைகளும், வத்திராயிருப்பு பக்கம் பிளவக்கல் அணையைத் தாண்டிவரும் அர்ச்சுனா நதியும் கடைசியில் சேருவது அந்த ஆற்றில்தான். சாத்தூர் வழியாக வரும் வைப்பாறும் அர்ச்சுனா நதியும் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் கைகோத்துக்கொள்கின்றன. அங்கிருந்து விளாத்திகுளம் வழியாகப் போய், தூத்துக்குடி மாவட்டம் சிப்பிகுளம் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது ஆறு. வருடத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும் என்று கிண்டல் செய்வார்கள். ஆனால், வெள்ளம் வரும் நாள்களில் அது கடலுக்குக் கொண்டுபோவது தண்ணீரை மட்டும் அல்ல. வயல் மண், உர மிச்சம், ஊர்ச் சாக்கடை, பட்டறைக் கழிவு என வழியில் கிடைக்கும் எல்லாமே அதோடு போகும்.

கடலில் கலந்தால் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். முடியவில்லை. அங்கே ஒரு ஜீவன் உட்கார்ந்து, வருடம் தவறாமல் வரவு எழுதிக்கொண்டிருக்கிறது.

கல் இல்லை, உயிர்

பவளம் என்றதும் ஜோசியர் மோதிரத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லும் செந்நிறக் கல் நினைவுக்கு வரலாம். அது வேறு இனம். பெரும்பாலும் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்தது. சங்க காலத்தில் ‘துகிர்’ என்று சொன்னதும் அந்தச் சிவப்புப் பவளத்தைத்தான். இங்கே பேசப்போவது பாறை கட்டும் பவளத்தை. நம் மீனவர்கள் ‘பார்’ என்று சொல்கிறார்களே, அதைக் கட்டும் பவளம். மீன் அடையும் இடம் பார். மீன் பிடிப்பவருக்கு அதுதான் வயல்.

பாறை மாதிரி தெரிந்தாலும் அதன் மேல் தோல் முழுக்க உயிருள்ளது. கடுகு, மிளகு அளவிலான ஆயிரக்கணக்கான பூச்சி போன்ற உயிரிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. கடல்நீரிலிருந்து கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தங்களுக்குக் கீழே சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. கூடு உயர உயர, உயிரிகள் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். உயிர் இருப்பது மேலே உள்ள சில மில்லிமீட்டர் மட்டும். கீழே இருப்பதெல்லாம் காலி செய்துவிட்டுப் போன பழைய வீடுகள்.

பந்து போல உருண்டு வளரும் ‘பொரைட்டிஸ்’ என்ற வகை, வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஒரு மீட்டர் உயரக் கல் என்றால் சுமார் நூறு வருட வீடு. அதைச் செங்குத்தாக அறுத்து, ஆஸ்பத்திரியில் கை முறிந்தால் எடுப்பார்களே, அதே எக்ஸ்-ரே எடுத்தால், வெளிர் பட்டையும் அடர் பட்டையும் மாறி மாறித் தெரியும். மரத்தை வெட்டினால் வளையம் தெரிவது போல. ஒரு வெளிர், ஓர் அடர். இரண்டும் சேர்ந்தால் ஒரு வருடம்.

அது ஒரு வருடம்தான் என்று எப்படி நிச்சயம் செய்தார்கள்? அந்தக் கதை கொஞ்சம் கசப்பானது. பசிபிக் கடலில் எனிவெடாக் என்ற தீவுக்கூட்டத்தில் 1948 முதல் 1958 வரை அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. அந்தக் கதிரியக்கத் தூசியைச் சுற்றியிருந்த பவளங்கள் தங்கள் கூட்டுக்குள் வைத்துக் கட்டிவிட்டன. எந்த வருடம் எந்தக் குண்டு வெடித்தது என்பது உலகத்துக்கே தெரியும். அந்தக் கதிரியக்கக் கோடுகளையும் எக்ஸ்-ரே பட்டைகளையும் பக்கத்தில் வைத்து எண்ணிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள், ஒரு ஜோடிப் பட்டை ஒரு வருடம் என்பதை 1972-ல் நிரூபித்தார்கள். குண்டு போட்டவர்கள் தங்களை அறியாமல் பவளத்துக்குத் தேதி முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள்.

ஈயம் எப்படி உள்ளே போகிறது?

பவளத்துக்குத் தேவை கால்சியம். ஆனால், கடல்நீரில் கால்சியத்தோடு வேறு உலோகங்களும் மிதக்கின்றன. ஸ்ட்ரான்சியம், பேரியம், ஈயம் மூன்றும் கால்சியத்தைவிடக் கொஞ்சம் பருமன். ஆனால், அதே மின்னூட்டம். பவளம் கட்டும் சுண்ணாம்புப் படிகத்தின் அமைப்பில் இந்தப் பருமனான அணுக்கள் கால்சியத்தின் நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்துவிடும். ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை. கடல்நீரில் ஈயம் கூடிய வருடத்தில் கூட்டிலும் ஈயம் கூடும். குறைந்த வருடத்தில் குறையும்.

செம்பு, துத்தநாகம் போன்றவை அவ்வளவு நேர்மையாக உட்காருவதில்லை. பவளத்தின் சதையிலும், கூட்டின் துளைகளில் சிக்கிய சேற்றிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, எல்லா உலோகக் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. ஈயத்தையும் பேரியத்தையும் கேட்டால் பவளம் தெளிவாகப் பேசும். மற்றவற்றைக் கேட்கும்போது குறுக்கு விசாரணை வேண்டும்.

அளவும் சாதாரணமாக இல்லை. நூறு கோடி கால்சியம் அணுக்களுக்கு நடுவே சில பத்து ஈய அணுக்கள் இருந்தாலே அது மாசுபட்ட கடல். பவளத் துண்டை அமிலத்தில் கழுவி, சதை மிச்சத்தை நீக்கி, கரைத்து, அணுக்களை எடைவாரியாகப் பிரிக்கும் கருவியில் ஏற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பறக்கும் தூசியில் இருக்கும் ஈயமே பவளத்தில் இருப்பதைவிட அதிகம். அதனால் காற்றை வடிகட்டி, உடல் முழுவதும் மூடிக்கொண்டு வேலை செய்கிறார்கள். பூமியின் வயது 455 கோடி வருடம் என்று கணக்கிட்ட அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன், அந்தக் கணக்கைப் போடும்போது எங்கு பார்த்தாலும் ஈயம் ஒட்டுகிறதே என்று எரிச்சலாகி, அது எங்கிருந்து வருகிறது என்று தேடப் போனார். வாகனப் புகையில் வந்து நின்றார்.

இன்ஜின் ‘டக் டக்’ என்று அடிக்காமல் இருக்கப் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலக்கலாம் என்று 1921-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த ஈயம் எரிந்து சைலன்சர் வழியாக வெளியே வந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் உலோகம் அது. பேட்டர்சன் பல வருடம் போராடினார். 1970-களில் அமெரிக்கா ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியது. பலன் கிடைத்ததா என்று பார்க்க எங்கே போவது? அட்லாண்டிக் கடலில் பெர்முடா தீவுப் பவளத்தை எடுத்துப் பார்த்தார்கள். 1987-ல் ஷென், பாயில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கில் ஈயம் தொழிற்புரட்சியோடு ஏறி, 1970-களில் உச்சிக்குப் போய், பிறகு இறங்கியது அப்படியே தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வு அந்தக் கணக்கை 1780 வரை பின்னோக்கி நீட்டியது. நாடாளுமன்றத்தில் போட்ட சட்டம் நடுக்கடலில் ஒரு பூச்சியின் கூட்டில் பதிவாகியிருந்தது.

இந்தியாவின் கையெழுத்து

இது அமெரிக்கச் சங்கதி, நமக்கென்ன என்று தாண்டிப் போக முடியாது. கன்னியாகுமரியிலிருந்து தென்மேற்கே சுமார் 1,700 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் நடுவில் சாகோஸ் தீவுகள் இருக்கின்றன. டியகோ கார்சியா ராணுவத் தளம் இருக்கிறதே, அந்தத் தீவுக்கூட்டம்தான். தொழிற்சாலை கிடையாது. பழைய குடிமக்களைக்கூட 1973-க்குள் வெளியேற்றிவிட்டார்கள். அங்கிருந்தும், மேற்கு சுமத்ராவிலிருந்தும், சிங்கப்பூர் நீரிணையிலிருந்தும் எடுத்த பவளங்களை ஜாங்-மி லீ, எட்வர்ட் பாயில் உள்ளிட்டோர் ஆராய்ந்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 1945 முதல் 2010 வரையிலான கணக்கு.

மூன்று இடத்திலும் 1970-களின் நடுவிலிருந்து ஈயம் ஏறுகிறது. ஆனால், மூன்றும் ஒரே ஈயம் இல்லை. ஈயத்திலேயே எடை வேறுபட்ட ரகங்கள் உண்டு; எந்தச் சுரங்கத்து ஈயம் என்பதைப் பொறுத்து அந்த ரகங்களின் விகிதம் மாறும். கிட்டத்தட்ட கைரேகை. சுமத்ராவில் தெரிந்தது பெரும்பாலும் இந்தோனேசியப் பெட்ரோல் ஈயம். ஆளில்லாத சாகோஸில் தெரிந்த ரேகை யாருடையது? இந்தியாவின் பெட்ரோல் புகையும், எரித்த நிலக்கரியும்தான் அங்கு முக்கியக் காரணமாகத் தெரிகிறது என்றார்கள்.

வடகிழக்குப் பருவக்காற்று இங்கிருந்து கடல் பக்கமாக அடிக்கும் மாதங்களில் நம் புகையும் கூடவே போகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த விஞ்ஞானி வீ. ராமநாதன் முதலானோர் 1999-ல் நடத்திய பெரிய ஆய்வில், குளிர்காலத்தில் இந்தியப் பெருங்கடலின் மேல் பழுப்புப் புகைமண்டலம் பரவிக்கிடப்பதைப் பார்த்தார்கள். அந்தப் புகை போகும் திசையில்தான் சாகோஸ் இருக்கிறது.

இந்தியாவில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995-ல் நான்கு பெருநகரங்களில் மட்டும் வந்தது. 2000 பிப்ரவரி 1 முதல்தான் நாடு முழுக்க. அதாவது, அதற்கு முன்பு ராஜபாளையம் பங்கில் பெட்ரோல் போட்ட ஒவ்வொரு லாம்ப்ரெட்டாவும், ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்துக்கு வந்த ஒவ்வொரு பெட்ரோல் அம்பாசடரும் கொஞ்சம் ஈயத்தைக் காற்றில் விட்டுத்தான் போயிருக்கிறது. டீசலில் ஓடிய பஸ்ஸை இந்த ஒரு குற்றத்திலிருந்து மட்டும் விடுவித்துவிடலாம்.

ஆறு கொண்டுவந்த பேரியம்

காற்று ஒரு வழி. ஆறு இன்னொரு வழி. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1984-ல் பீட்டர் ஐஸ்டேல் என்பவர் பவளத் துண்டின் மேல் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். சில பட்டைகள் மினுங்கின. பர்டெகின் ஆற்றில் வெள்ளம் வந்த வருடங்கள் அவை. நிலத்திலிருந்து அடித்துவந்த மக்கு மண்ணின் சத்து கூட்டில் தங்கி ஒளிர்ந்தது.

2003-ல் வந்த இன்னோர் ஆய்வு அதே கரையில் பேரியத்தை அளந்தது. ஆற்றுச் சேற்றில் ஒட்டியிருக்கும் பேரியம், உப்புத்தண்ணீர் பட்டதும் கழன்று கரையும்; பவளம் அதை எடுத்துக்கொள்ளும். 1870 வாக்கில் வெள்ளைக்காரர்கள் குடியேறி, காட்டை அழித்து மாடு மேய்க்கத் தொடங்கிய பிறகு, கடலுக்கு வரும் சேறு ஐந்து முதல் பத்து மடங்கு கூடியிருந்தது.

பேரியம் என்றதும் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குச் சிவகாசி ஞாபகம் வரும். பட்டாசில் பச்சை நிறம் தருவது பேரியம் உப்பு. அதற்கு உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது. சிவகாசியும் வைப்பாற்றுப் படுகையில்தான் இருக்கிறது. உடனே இரண்டையும் முடிச்சுப்போட வேண்டாம். பவளத்தில் தெரியும் பேரியத்துக்குப் பட்டாசே தேவையில்லை. சாதாரண மண் அரிப்பு போதும். வைப்பாறு விஷயத்தில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மலைக்கும் கடலுக்கும் நடுவே எத்தனை கண்மாய்கள்! ஒவ்வொன்றும் சேற்றை வடிகட்டித் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. கண்மாய் அடிவண்டலும் அடுக்கடுக்காகப் படிந்த ஒரு பேரேடுதான். என்ன, கோடையில் கரம்பை மண் என்று டிராக்டரில் அள்ளி வயலுக்குப் போட்டுவிடுகிறோம். வயலுக்கு அது நல்லது. பேரேட்டுக்குத்தான் பக்கங்கள் போய்விடும்.

காளவாசலில் எரிந்த பக்கங்கள்

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். சுற்றிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள். 1986-ல் இது கடல்சார் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். வைப்பாறு கடலில் சேரும் இடத்துக்கு வடக்கே நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி என்று வேம்பார் பக்கத்துத் தீவுகள். தெற்கே தூத்துக்குடி பக்கத்துத் தீவுகள்.

இந்தக் கரையில் கடந்த அறுபது வருடங்களில் நடந்ததை வரிசையாகச் சொன்னாலே ஒரு தொழில் வரலாறு. 1974-ல் புதிய துறைமுகம், 1979-ல் அனல்மின் நிலையம், இடையிலும் பிறகும் உர ஆலை, ரசாயன ஆலைகள், 1990-களில் தாமிர உருக்காலை, அதையொட்டிய போராட்டங்கள், 2018 மே மாதத் துப்பாக்கிச் சூடு, ஆலை மூடல். கடலில் எந்த உலோகம், எவ்வளவு, யாரால் என்ற வாக்குவாதம் இங்கே புதிது இல்லை. வழக்குகளில் ஒரு பக்கம் ஒரு ஆய்வறிக்கையை நீட்டும்; மறுபக்கம் வேறொன்றை நீட்டும். இரண்டும் பெரும்பாலும் இன்றைய தண்ணீர், இன்றைய மண். ‘ஆலை வருவதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது?’ என்ற கேள்வியில் வாதம் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

அந்தக் கேள்விக்கு, எந்தக் கட்சியும் சேராத சாட்சி பவளம். 1960-ல் வாழத் தொடங்கிய ஒரு பொரைட்டிஸ் கல்லில் துறைமுகத்துக்கு முந்தைய ஈயம், அனல்மின் நிலையத்துக்குப் பிந்தைய ஈயம், ஈயப் பெட்ரோல் நின்ற பிறகான ஈயம் எல்லாம் வருடவாரியாக இருக்கும். தூத்துக்குடி, மன்னார் வளைகுடா பவளங்களில் உலோக அளவைப் பார்த்த ஆய்வுகள் 2009, 2010-களிலேயே வெளிவந்திருக்கின்றன. ஆனால், ஒரு துண்டை மொத்தமாக அரைத்து அளப்பது, ஒரு வருட வீட்டுச் செலவைக் கூட்டி ஒரே தொகையாகச் சொல்வது போல. எந்த மாதம் பணம் போனது என்று தெரிய வேண்டுமானால் தேதி போட்ட கணக்கு வேண்டும். பட்டை பட்டையாக அறுத்து அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு இந்த வித்தை கைவராததும் அல்ல. ஆமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் விஞ்ஞானிகள் 1990-களிலேயே லட்சத்தீவுப் பவளத்தின் பட்டைகளிலிருந்து பருவமழையைப் படித்தவர்கள்.

சிக்கல் வேறு இடத்தில். பழைய கற்கள் எங்கே?

பல பத்தாண்டுகளாக மன்னார் வளைகுடாவில் பவளத்தைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றினார்கள். கரையில் சுண்ணாம்புக் காளவாசல்கள் காத்திருந்தன. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு, கார்பைடு ஆலைக்குச் சுண்ணாம்பு, கட்டடத்துக்குக் கல். தனுஷ்கோடிக்குச் சுற்றுலா போகிறவர்கள், 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவர் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவரை ஒட்டி நின்று பார்த்தால், தேன்கூடு போலச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். அது பவளக் கல். ஈயப் பெட்ரோல் பரவுவதற்கு முந்தைய கடல், அந்தச் சுவரில் செங்கல்லாக நின்றுகொண்டிருக்கிறது.

பார்கள் போனதால் அலையைத் தடுக்க ஆளில்லாமல் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. 1986-ல் 16 ஹெக்டேராக இருந்த வான் தீவு 2014-ல் சுமார் இரண்டரை ஹெக்டேர். அதைக் காப்பாற்றக் கான்கிரீட் கூண்டுகளைக் கடலில் இறக்கி, செயற்கைப் பார் அமைக்க வேண்டிவந்தது. 2001-ல் பவளங்கள் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு என்ன பாதுகாப்போ, பவளத்துக்கும் அதே பாதுகாப்பு. இருந்தும், 2004 சுனாமியில் பார்களும் தீவுகளும் கரையைத் தாங்கியதை மீனவர்களே கண்ணால் பார்த்த பிறகு, 2005 வாக்கில்தான் பவளம் வெட்டுவது ஓய்ந்தது.

மிஞ்சியவற்றுக்குச் சூடு எமன். 1998, 2010, 2016 கோடைகளில் கடல் கொதித்து பவளங்கள் வெளுத்தன. கிளைகிளையாக வேகமாக வளரும் இனங்கள்தான் அதிகம் செத்தன. நல்லவேளையாகக் கணக்கு எழுதும் உருண்டைப் பொரைட்டிஸ் தாக்குப்பிடிக்கக்கூடியது. செத்த கல்லும் பயன்படாமல் போகாது. யுரேனியம் முறையில் வயது கண்டு படிக்கலாம். ஆனால், உயிர்த்தோல் போனதும் கடற்பஞ்சும் புழுவும் துளைபோட ஆரம்பித்துவிடும். செல்லரித்த ஓலைச்சுவடியைப் படிப்பவர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

படிப்பதற்காகக் கல்லைக் கொல்ல வேண்டியதில்லை. கடலுக்கடியில் இறங்கி, போர்வெல் துளைப்பது போலச் சின்ன விட்டத்தில் ஒரு துளை. நீளமான சாக்பீஸ் மாதிரி ஒரு தண்டு வெளியே வரும். துளையின் வாயைச் சிமென்ட் மூடியால் அடைத்துவிட்டால், சுற்றியிருக்கும் உயிரிகள் சில வருடங்களில் அதன் மேல் வளர்ந்து மூடிக்கொள்ளும். சட்டப்படி வனத்துறை அனுமதி வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்துக்கொண்டு ஓடி, வழியில் கிடைத்ததையெல்லாம் வாரிக்கொண்டு கடலில் இறங்கியது. அந்தச் சேறு எட்டிய இடத்தில் ஒரு பொரைட்டிஸ் கல் உயிரோடு இருந்திருந்தால், அந்த வாரத்தின் மேல் இப்போது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் புதிய கூடு கட்டி முடித்திருக்கும்.